சராசரியாகப் பத்து சென்டிமீட்டர்

கடற்கரை ஊர்க்காரர்கள் கடல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எழுந்து போய்ப் பார்ப்பது. இது முறையற்ற வழி. இன்னொன்று, கடல்மட்டக் கட்டுப்பாட்டு இயக்ககம் மாலை ஏழு மணிக்குப் பலகையில் ஒட்டும் அறிக்கையைப் படிப்பது.

இந்த இயக்ககத்துக்கு முன்பெல்லாம் கடல்மட்டப் பதிவு அலுவலகம் என்றுதான் பெயர். பதினோரு வருடங்களுக்கு முன் வந்த ஓர் இயக்குநர், சும்மா பதிவு செய்கிறோம் என்றால் யார் மதிப்பார்கள் என்று மூன்று கூட்டம் போட்டு, 'கட்டுப்பாடு' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டுப் பதவி உயர்வில் போய்விட்டார். பெயர்ப்பலகை மாறியது, ரப்பர் முத்திரை மாறியது, ஊழியர்களின் அடையாள அட்டை மாறியது. கடலுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

இயக்ககத்தில் நாற்பத்தொரு பேர் வேலை பார்த்தார்கள். அதில் கடலைப் பார்க்கிறவர் ஒருவர்தான். அவருக்குப் பதவியின் பெயர் அளவாளர். துறைமுகச் சுவரில் மூன்று மீட்டர் உயர அளவுகோல் ஒன்று திருகாணி போட்டு மாட்டியிருந்தது. தண்ணீர் வழக்கமாக எவ்வளவு வற்றுமோ அந்த இடம் பூஜ்யம். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மூன்று வேளை அவர் படியிறங்கிப் போய்த் தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மற்ற நாற்பது பேர் அந்த மூன்று எண்களைக் கூட்டி மூன்றால் வகுப்பார்கள். வரும் சராசரிதான் அன்றைய கடல். சராசரி ஒன்றரை மீட்டரைத் தொட்டால், மொட்டை மாடியில் இருக்கும் சைரனை இயக்குநர் ஒலிக்கவிடலாம். சைரன் கேட்டால் தாழ்வான தெருக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போக வேண்டும். சைரன் இதுவரை ஒலித்ததில்லை. அதுவே இயக்ககத்தின் சாதனை என்று ஆண்டறிக்கையில் அச்சடித்திருந்தார்கள்.

அளவாளர் சுபாவத்திலேயே பயந்தவர். அதை அவர் மறைத்ததும் இல்லை. கோடையில் குடை எடுத்துப் போவார். அடுப்பை அணைத்தாயா என்று பாதித் தெரு போய்த் திரும்பி வந்து கேட்பார். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் செருப்பை மாட்டும்போது மனைவியிடம் ஒரே பாட்டுத்தான்: "கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கோ, கேஸைப் பார்த்துக்கோ, பார்த்து, பார்த்து." தையல் மிஷினை மிதித்தபடியே அவள் தலையாட்டுவாள்.

அளப்பது ஆபீசோடு நிற்கவும் இல்லை. அவர் வீடு இருந்தது பள்ளத் தெருவில். வீட்டின் தரை அளவுகோலின் பூஜ்யத்திலிருந்து ஒரு மீட்டர் அறுபது உயரம் என்பது அவருக்குத் தெரியும். வாடகைக்கு வரும்முன் அளந்து பார்த்திருந்தார். மனைவியின் உயரம் ஒரு மீட்டர் ஐம்பத்தெட்டு. அதையும் கல்யாணமான புதிதில் நிலைக்கதவில் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்திருந்தார். "பொண்டாட்டிய இப்படியா மாப்பிள்ளை பார்ப்பாங்க?" என்று மாமனார் அப்போதே கேட்டார். அந்தக் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. அவர்களோடேயே இருந்த மாமனாருக்கு இப்போது இடுப்பு எலும்பு முறிந்து, பிடித்து நடக்கும் இரும்புச் சட்டம் இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது.

புயல் வரப்போகிறது என்று வானொலி இரண்டு நாளாகச் சொன்னது. பள்ளத் தெருவில் நாற்பது வீடுகளும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம அளவுக்காரர் இருக்காரே, சைரன் அடிச்சாப் போவோம்" என்று உள்ளே போய்விட்டன. இதைக் கேட்டதிலிருந்து அளவாளருக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று காலை ஆறு மணிக்கு அவர் படியிறங்கிப் போனபோது அளவுகோல் இருந்தது, கடல் இல்லை.

தரையிலிருந்து கடலைப் பார்த்துக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரியான காற்று. துறைமுகத்துக்குள் படகுகள் சேற்றில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. மேலே என்றைக்கும் வராத கற்கள் பாசியோடு வெளியே வந்திருந்தன. எங்கேயோ தூரத்தில் தண்ணீர் ஒரு சாம்பல் கோடாகத் தெரிந்தது. அளவாளர் நாடாவைத் தொங்கவிட்டு, சுவரடியில் மிச்சமிருந்த தண்ணீர்வரை அளந்தார். பூஜ்யத்துக்குக் கீழே ஒரு மீட்டர் இருபது.

இத்தனை தண்ணீர் ஆவியாகிவிடாது என்று அவருக்குத் தெரியும். புயல் சுழல்கிறது, அதன் ஒரு பக்கக் காற்று கரையிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளுகிறது. புயலின் நடு கடந்துபோனால் காற்று திரும்பும். திரும்பினால், தள்ளிய தண்ணீர், புயலுக்கடியில் காற்றின் எடை குறைந்ததால் உப்பி நிற்கும் தண்ணீர், மாலை ஏற்றத்துக்கு வரவேண்டிய தண்ணீர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, இந்த ஆழமில்லாத கரைமேல் வேறு போக்கிடம் இல்லாமல் ஏறும்.

இரண்டு இரண்டு படியாக ஏறி அவர் கண்காணிப்பாளரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். கண்காணிப்பாளர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

"சார், கடல் உள்ள போயிடுச்சு. மைனஸ் ஒண்ணு இருபது."

"மைனஸா?" கண்காணிப்பாளர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மைனஸுக்குக் கட்டம் இல்லையேய்யா. பூஜ்யத்துக்குக் கீழ என்ன இருக்கு?"

"தரை இருக்கு சார்."

"தரை வேற துறை."

"சார், இது திரும்பி வரும் சார். காத்து மாறினா மொத்தமா வரும்."

"காத்தும் வேற துறை. நீ தண்ணிய மட்டும் சொல்லு."

"தண்ணி இல்ல சார். அதைத்தான் சொல்றேன்."

அளவாளர் அலமாரியைத் திறந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்து வந்தார். முப்பத்தாறு வருடத்துக்கு முந்தையது. பல வருடங்களாக அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் அவருக்குக் கெட்ட கனவு வரும். அதில் ஒருநாள் பதிவு இப்படி இருந்தது: காலை, தண்ணீர் தென்படவில்லை. மதியம், தண்ணீர் தென்படவில்லை. மாலைக் கட்டத்தில் ஒன்றும் இல்லை. மறுநாளிலிருந்து கையெழுத்து வேறு ஆளுடையது.

கண்காணிப்பாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதை நிதானமாகப் படித்தார். "ஆமாமா, இது தெரிஞ்ச கேஸ்தான். மாலை அளவை எழுதாததுக்கு அந்த ஆளுக்குக் குறிப்பாணை அனுப்பினாங்க. மூணு தடவை அனுப்பினாங்க. கடைசிவரைக்கும் பதிலே போடல. என்ன திமிர் பாரு" என்றார். பிறகு ஒரு விரலை நீட்டி, "நீ அந்த மாதிரி பண்ணிடாத. ஆறு மணிக்கு ஆள் அளவுகோல்கிட்ட இருக்கணும்" என்று எச்சரித்தார்.

மைனஸ் போட அனுமதி கேட்டுக் கோப்பு மாடிக்குப் போனது. அரைமணியில் இயக்குநரே இறங்கி வந்துவிட்டார். இயக்குநர் இறங்கி வருவதை அளவாளர் அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் முகம் மலர்ந்திருந்தது.

"எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"ஒரு மீட்டர் இருபது சார். ஆனா..."

"ஒரு மீட்டர் இருபது!" இயக்குநர் கண்காணிப்பாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கட்டுப்பாடுன்னா இதுதான்யா! பதினோரு மணிக்குக் கூட்டம். டீக்குச் சொல்லுங்க."

பதினோரு மணிக்குக் காற்று ஜன்னல் கண்ணாடிகளைத் தட்டிக்கொண்டிருந்தது. கூட்ட அறையில் நாற்பத்தொரு பேருக்கும் தேநீரும் இரண்டிரண்டு பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியை இரண்டு முறை தட்டிவிட்டுப் பேசினார்.

"அன்பார்ந்த ஊழியர்களே! நான் பொறுப்பேற்ற நாளில் கடல் எங்கே இருந்தது? அளவுகோலில் தொண்ணூறில் இருந்தது. இன்று எங்கே இருக்கிறது? கண்ணுக்கே எட்டவில்லை! இத்தனைக்கும் நான் கடலில் கால் நனைத்தவன் அல்ல. எனக்கு நீச்சல் தெரியாது. உப்புக்காற்று ஆகாது என்பதால் என் அறை ஜன்னலை ஆறு வருடமாகத் திறந்ததும் இல்லை. பிறகு எப்படி நடந்தது இது? நிர்வாகம்! கடலைப் பார்ப்பது சுலபம், அளவாளர்கூடப் பார்த்துவிடுவார். பார்க்காமலே கட்டுப்படுத்துவதுதான் கடினம். போன தண்ணீர் திரும்பி வராதா என்று ஒருசிலர் கிளப்பிவிடுவதாக அறிகிறேன். அப்படித் திரும்பி வந்தால் அது இயக்ககத்தின் கவனத்துக்கு வராமல் வராது என்று உறுதி கூறுகிறேன்."

கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் பிடித்தது. அளவாளரும் தட்டினார்.

அதற்குப் பிறகு இயக்குநர் இன்னொன்று சொன்னார். பொதுமக்களிடையே தேவையற்ற பீதி நிலவுகிறது. அதைப் போக்கும் பணி நம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். ஆகவே ஊழியர்கள் ஒவ்வொருவரும் இப்போதே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, இயக்ககம் தயாரித்துள்ள வாக்கியத்தை வாசிக்க வேண்டும். வாக்கியம் சுற்றுக்கு வந்தது: 'கடல் கட்டுப்பாட்டில் உள்ளது. பயப்பட வேண்டாம். வீட்டிலேயே இருக்கவும்.'

வரிசை மெல்ல நகர்ந்தது. தொலைபேசிக்குப் பக்கத்தில் கண்காணிப்பாளர் பெயர்ப்பட்டியலோடு நின்று, வாசித்து முடித்தவர்களுக்கு டிக் போட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற இருபது நிமிடமும் அளவாளர் மனதுக்குள் வேறொரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். மாமாவைத் தூக்கிக்கொண்டு உடனே கிளம்பு. அவ்வளவுதான், நாலே நாலு சொல். அவர் முறை வந்தது. மணி அடித்தது. மறுமுனையில் தையல் மிஷின் சத்தம் நின்றது.

"யாரு?"

"நான்தான்."

"என்னங்க? என்ன ஆச்சு? ஆபீஸ்லேர்ந்தா பேசறீங்க?"

கண்காணிப்பாளர் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்தார். அளவாளருக்குக் கடலிடம் இருந்த பயம் பெரியது. குறிப்பாணையிடம் இருந்த பயம் அதைவிட ஓர் இம்மி கூடுதல். அந்த ஓர் இம்மிதான் அன்றைக்கு அவர் வாயைத் திறந்து பேசியது.

"கடல் கட்டுப்பாட்டில் உள்ளது. பயப்பட வேண்டாம். வீட்டிலேயே இருக்கவும்."

"சரிங்க" என்று அவள் வைத்துவிட்டாள். கண்காணிப்பாளர் டிக் போட்டார்.

மதியம் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் மைனஸ் ஒன்று தொண்ணூறு. அளவாளர் எழுதிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். சொந்த வாயால் சொல்லிவிட்டோமே, வீட்டிலேயே இரு என்று நாமே சொல்லிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி கூப்பிடலாம் என்று ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்தார். இணைப்பு அறுந்திருந்தது.

ஒன்றேகால் மணிக்குக் காற்று நின்றது. கதவுகள் ஆடுவது நின்றது, கண்ணாடி தட்டுவது நின்றது. ஊழியர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள். புயலும் இயக்குநருக்குக் கட்டுப்பட்டுவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அளவாளர் மட்டும் சுவரோரம் நின்று வெளியே பார்த்தார். பத்து நிமிடம் கழித்து அவர் முகத்தில் காற்று அடித்தது. இப்போது கடலிலிருந்து.

படத்தில் வருகிற மாதிரி பெரிய அலை ஏதும் எழுந்து வரவில்லை. அப்படி வந்திருந்தால் யாராவது பயந்திருப்பார்கள். தரையே எழுந்து வருவதுபோலத் தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது. சேற்றில் சாய்ந்து கிடந்த படகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பூஜ்யம் மறைந்தது. ஐம்பது மறைந்தது. ஒன்று மறைந்தது. ஒவ்வொரு எண் மறையும்போதும் அளவாளர் மனதுக்குள் வீட்டுத் தரையிலிருந்து அதைக் கழித்துக்கொண்டே இருந்தார். ஒன்று நாற்பது: வாசலுக்கு இருபது கீழே. ஒன்று அறுபது: வாசல்.

"சார், ஏறுது சார்! ஒண்ணு அறுபது!"

கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ரெண்டே முக்கால்தான்யா ஆகுது. ஆறு மணிக்கு வந்து சொல்லு. நடுவுல வர தண்ணி கணக்குல வராது."

அளவாளர் வேலையை விட்டுவிட்டு ஓடினார். வாழ்க்கையில் முதல்தடவை. ஆபீஸ் வாசலைத் தாண்டி, வளைவைத் தாண்டி, பள்ளத் தெருவுக்குப் போகும் சாலைவரை ஓடினார். சாலை இருந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு மேசை, அதன்மேல் ஒரு கோழி, மிதந்து போயின. இரண்டு அடி வைத்ததும் கால் தரையை விட்டது. விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துத் தப்பித்து, அழுதுகொண்டே திரும்பி ஆபீசுக்கு ஓடி வந்தார். இனி மிச்சம் இருந்தது சைரன் ஒன்றுதான். தரை நனைந்ததும் அவள் கட்டிலைத் தூக்கி மாமாவை மேலே உட்கார வைப்பாள். சைரன் கேட்டால் கூரைமேலாவது ஏற்றுவாள். கேட்காவிட்டால் உட்கார்ந்திருப்பாள். அவர்தான் இருக்கச் சொல்லியிருக்கிறாரே.

இயக்குநர் நான்கரை மணிவரை யாரையும் பார்க்கவில்லை. காலைச் சாதனையைப் பற்றி மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அதற்குள் கீழ்த்தளத்தில் கணுக்கால் தண்ணீர் வந்து, கோப்புகளோடு எல்லோரும் மாடிக்கு வந்துவிட்டார்கள்.

"ஐயா, சைரன் அடிக்கணும் ஐயா." அளவாளர் கைகூப்பி நின்றார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எதுக்கு?"

"மூணு மீட்டர் தாண்டப் போகுது. பள்ளத் தெருவுல நாப்பது வீடு. என் வீடும்..."

"உட்காருங்க." இயக்குநர் பரிவோடு ஒரு தாளை எடுத்தார். "பதட்டப்படாதீங்க. கணக்கைப் பாருங்க. காலைல மைனஸ் ஒண்ணு இருபது. மதியம் மைனஸ் ஒண்ணு தொண்ணூறு. ரெண்டும் சேர்த்து நம்ம கையில மூணு மீட்டர் பத்து இடம் இருக்கு. சராசரி ஒண்ணரையைத் தொடணும்னா சாயங்கால அளவு எவ்வளவு இருக்கணும்?" அவர் போட்டுப் பார்த்தார். "ஏழு மீட்டர் அறுபது. அதுக்குக் கீழ எவ்வளவு வந்தாலும் சைரன் தேவையே இல்ல."

"ஏழு அறுபது வந்தா நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலியே முங்கிடும் ஐயா!"

இயக்குநர் யோசித்தார். "அப்ப நான் எழுந்து நின்னுக்குவேன்."

"ஐயா, ஜனங்க சராசரியிலயா இருக்காங்க? தண்ணிக்குள்ள இருக்காங்க!"

"பாருங்க," என்றார் இயக்குநர். குரலில் கோபமே இல்லை. அதுதான் அளவாளருக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. "தண்ணி வரும், போகும். சராசரிதான் நிக்கும். நாளைக்கு என்னைக் கேள்வி கேக்கறவங்க தண்ணியப் பார்க்க மாட்டாங்க, தாளைத்தான் பார்ப்பாங்க. சராசரி இல்லாம சைரன் அடிச்சா நான் தப்பு. சைரன் அடிக்காம எது நடந்தாலும் அது கடலோட தப்பு."

சைரனின் பொத்தான் இயக்குநரின் நாற்காலிக்குப் பின்னால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அளவாளர் மேசைமேல் இருந்த, 'சிறந்த நிர்வாகி' என்று பொறித்த கனமான நினைவுப் பரிசை எடுத்தார். எடுத்தது தான்தானா என்று அவருக்கே சந்தேகம். கண்ணாடியில் ஓங்கி ஒரு போடு போட்டார். உடைந்தது. பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினார்.

ஒரு சத்தமும் வரவில்லை. ஆபீஸ் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"பேட்டரி கீழ இருக்கு," என்றார் கண்காணிப்பாளர் பின்னாலிருந்து. "மாடியில வச்சா வெயில்ல கெட்டுடும்னு போன வருஷம் தணிக்கையில எழுதினாங்க. கீழ்த்தளத்துல, தரையோட தரையா வச்சிருக்கு."

அளவாளர் அந்த இடத்திலேயே, உடைந்த கண்ணாடிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாலை ஆறு மணிக்குக் கண்காணிப்பாளர் வந்து தோளைத் தட்டினார். அளவுகோல் தண்ணீருக்குள் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அதன் உச்சியும் மாடிப்படியின் முதல் படியும் ஒரே மட்டம். ஒரு படி இருபது சென்டிமீட்டர். தண்ணீர் மூன்றாம் படியில் நின்றது. அளவாளர் உயிரில்லாத குரலில் மூன்று நாற்பது என்றார். வீட்டுத் தரையைக் கழித்தால் ஒன்று எண்பது. அதற்குமேல் அவர் கணக்குப் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. பென்சில் கோடு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

நாற்பது பேரும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கூட்டி, மூன்றால் வகுத்தார்கள். ஏழு மணிக்கு அறிக்கை தயார். 'இன்றைய கடல்மட்டம் சராசரியாகப் பத்து சென்டிமீட்டர். இயல்பு.' ஒட்டவேண்டிய பலகை தண்ணீருக்குள் இருந்ததால் மாடிக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

விடியும்போது தண்ணீர் வடிந்துவிட்டிருந்தது. அளவாளர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தார். சாலையெல்லாம் முழங்கால் சேறு. ஒரு சுவர்மேல் படகு உட்கார்ந்திருந்தது. பள்ளத் தெருவில் ஒரு குரல்கூட இல்லை. நாற்பது வீட்டுக் கதவுகளும் திறந்தோ உடைந்தோ கிடந்தன. தன் வீட்டு வாசற்படி ஏறினார். உள்ளே தையல் மிஷின் கவிழ்ந்து கிடந்தது. மாமனாரின் கட்டில் உத்தரத்தில் போய்ச் செருகிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்க, அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி, ஒரு சேற்றுக்கோடு. நிலைக்கதவைப் பார்க்காமலிருக்க அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு மூலையிலும் சேற்றுக்குள் கையை விட்டுத் தேடினார். ஒரு சேலை கையில் சிக்கியபோது அவர் போட்ட கூச்சல் அவருக்கே கேட்கவில்லை. சேலைதான். உள்ளே யாரும் இல்லை.

மேட்டில் இருந்த தானியக் கிடங்கில் புகை தெரிந்தது. விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து ஏறினார். கிடங்கு வாசலில் ஒரு காய்கறித் தள்ளுவண்டி. அதன்மேல் தலையணை போட்டுச் சாய்ந்துகொண்டு மாமனார் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "வாங்க மாப்பிள்ளை," என்றார். "எங்க போனீங்க இவ்வளவு நேரம்?"

உள்ளே நூற்று எழுபத்தாறு பேர் இருந்தார்கள். பெரிய பானையில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அளவாளர் அவள் தலையைத் தொட்டுப் பார்த்தார், தோளைத் தொட்டுப் பார்த்தார், சேற்றில் மண்டிபோட்டு அவள் பாதம்வரை தொட்டுப் பார்த்தார்.

"எழுந்திருங்க, எல்லாரும் பாக்கறாங்க."

"நீ... நான் வீட்டிலேயே இருக்கச் சொன்னேனே..."

"சொன்னீங்க. அதனாலதான் கெளம்பினேன்." அவள் முந்தானையால் அவர் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். "இருபத்திரண்டு வருஷத்துல ஒருநாள்கூட ஆபீஸ்லேர்ந்து நீங்க போன் பண்ணதில்ல. ஊர்லயே பெரிய பயந்தாங்கொள்ளி நீங்க. பல்லி விழுந்தா மூணு நாளைக்குக் காய்ச்சல்ல படுக்கிற ஆளு. நீங்க கூப்பிட்டு எங்கிட்ட பயப்பட வேண்டாம்னு சொன்னா, விஷயம் எவ்வளவு முத்திப்போயிருக்கும்! போனை வச்ச கையோட அப்பாவை வண்டியில தூக்கிப் போட்டேன். அளவுக்காரர் பொண்டாட்டியே ஓடறாளேன்னு தெருவே பின்னால வந்துடுச்சு." சொல்லி முடித்ததும் அவள் அழுதாள்.

பத்து நாள் கழித்து அளவாளருக்குக் குறிப்பாணை வந்தது. கண்ணாடி உடைத்ததற்கு ஒன்று, தனி. இது வேறு. 'சராசரிக் கடல்மட்டம் பத்து சென்டிமீட்டராக, இயல்பாக இருந்த நாளில், பள்ளத் தெருவாசிகள் 176 பேர், அனுமதியும் சைரனும் இன்றித் தம் வீடுகளைவிட்டு வெளியேறியதற்குத் தங்கள் குடும்பத்தினர் காரணம் எனத் தெரிகிறது. வெளியேறியதற்கான காரணத்தை ஒரே சொல்லில் கீழ்க்கண்ட கட்டத்தில் எழுதவும்.'

அளவாளர் எழுதினார்: பயம்.

மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு: 'பயத்தின் அளவு குறிப்பிடப்படவில்லை. நடைமுறைப்படி காலை, மதியம், மாலை மூன்று வேளை அளந்து சராசரியை அனுப்பவும்.'

அளவாளர் அந்தத் தாளையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி சேறு கழுவிக்கொண்டிருந்தாள். சுவரிலிருந்த கோட்டை இன்னும் கழுவவில்லை; அவர்தான் வேண்டாம் என்றிருந்தார். "கொஞ்சம் இப்படி வந்து நில்லு" என்று அவளை நிலைக்கதவுக்கு அழைத்தார். கல்யாணமான புதிதில் நின்றதுபோலவே அவள் குதிகாலை ஒட்டி, முதுகை நிமிர்த்தி நின்றாள். பழைய பென்சில் கோடு அவள் உச்சந்தலைக்குச் சரியாக இருந்தது. சேற்றுக்கோடு அதற்கும் மேலே ஓடியது. நாடாவை விரித்தார், மறுபடி சுருட்டினார். கடைசியில் நாடாவைக் கீழே போட்டுவிட்டு, அவள் உச்சந்தலையில் கட்டைவிரலை ஊன்றிச் சுண்டுவிரலைச் சேற்றுக்கோடுவரை நீட்டிப் பார்த்தார்.

மதியமும் அளந்தார். மாலையும் அளந்தார். பிறகு படிவத்தை எடுத்து, நல்ல கையெழுத்தில் நிரப்பினார்.

காலை: மனைவியின் தலைக்கு மேல் ஒரு சாண். மதியம்: மனைவியின் தலைக்கு மேல் ஒரு சாண். மாலை: மனைவியின் தலைக்கு மேல் ஒரு சாண். சராசரி: அதேதான்.